பொட்டி தட்டுறவ பி.ஏ. ஹிஸ்டரி படிச்ச கதை

"என்னம்மா, ஆளையே காணோம், ஆணி ஜாஸ்தியா?"ன்னு நல்ல உள்ளங்கள் எல்லாரும் விசாரிச்சாங்க. ஆணி எப்பவும் போலத்தான். கூடவே இன்னொரு வேலையும் சத்தமில்லாம ஓடிட்டு இருந்துச்சு. வெளிய சொல்லிட்டு பாதியில விட்டா மானம் போயிடுமேன்னு மூணு வருஷமா கமுக்கமா இருந்தேன். இப்போ மார்க் ஷீட் கைக்கு வந்தாச்சு. அதனால தைரியமா சொல்றேன். நான் பி.ஏ. வரலாறு பாஸ் பண்ணிட்டேன்.

யாரோ சிரிக்கிற சத்தம் கேக்குது. பரவால்ல, சிரிங்க. எங்க வீட்டுலயும் அதான் நடந்துச்சு. ரங்கமணி மட்டும் சிரிக்கல. "எம்.பி.ஏ.ன்னு சொல்ல வந்து முதல்ல ஒரு எழுத்து விட்டுட்டியா?"ன்னு கேட்டார்.

புதுசா வந்தவங்களுக்கு ஒரு சின்ன கொசுவத்தி. நான் கம்ப்யூட்டர் சயின்ஸ்ல பி.இ. வயசு 29. ஏழு வருஷமா சென்னையில பொட்டி தட்டுறேன். முதல் குரூப் எடுத்த எல்லாரையும் போல நானும் பத்தாவதோட வரலாற்றுக்கு டாட்டா காட்டினவதான். பதினொண்ணாவதுல வரலாறு குரூப் எடுத்தவங்களை எங்க ஸ்கூல்ல எப்படிப் பார்ப்பாங்கன்னு உங்களுக்கே தெரியும். மார்க் வராதவங்க போற இடம். அவ்ளோதான் அதுக்கு மரியாதை.

அப்புறம் எங்கிருந்து வந்துச்சு இந்தக் கிறுக்கு? எங்க அபார்ட்மெண்ட்ல வீட்டு வேலைக்கு வர்ற அக்காவோட பொண்ணு அப்போ ஏழாவது. கணக்கு சொல்லித் தரச் சொல்லி அனுப்பினாங்க. ஒருநாள் அவளுக்கு மறுநாள் சமூக அறிவியல் பரீட்சை. "குடவோலை முறையின் சிறப்புகள்"ங்கிற கேள்விக்கு மூச்சு விடாம ஒப்பிச்சா. ஒப்பிச்சு முடிச்சுட்டு கேட்டா பாருங்க: "அக்கா, அந்தக் குடத்துல யார் யார் பேரு இருக்கும்? எங்க தெரு ஆளுங்க பேரெல்லாம் இருந்திருக்குமா?"

கணக்குல எந்தக் கேள்வி கேட்டாலும் பதில் வெச்சிருப்பேன். இதுக்கு ஙேன்னு முழிச்சேன். அன்னிக்கு ராத்திரி தேட ஆரம்பிச்சது, இன்னும் முடியல.

சரி, விஷயத்துக்கு வருவோம். "ஆசையா இருந்தா நாலு புத்தகம் வாங்கிப் படிக்க வேண்டியதுதானே, எதுக்கு டிகிரி?" - இதைக் கேக்காத ஆளே இல்ல. நியாயமான கேள்வி. படிக்கிறதுக்கு டிகிரி வேண்டாம். ஆனா எனக்குப் பள்ளிக்கூடத்துல வரலாறு சொல்லித் தரணும்னு ஆசை வந்துடுச்சு. அதுக்கு வேணும்.

"அப்போ நேரா எம்.ஏ. பண்ணு"ன்னாங்க. எந்த டிகிரி இருந்தாலும் தொலைதூரக் கல்வியில எம்.ஏ. வரலாறு சேரலாம், உண்மைதான். ஆனா நம்ம ஊர் அரசுப் பள்ளியில மேல்நிலை வகுப்புக்கு வரலாறு டீச்சர் ஆகணும்னா இளநிலை, முதுநிலை ரெண்டும் அதே பாடத்துல இருக்கணும். கீழ பி.இ., மேல எம்.ஏ.ன்னு மாத்தி மாத்தி இருந்தா செல்லாது. வரலாறு பாடத்துல பி.எட். பண்ணவும் பி.ஏ. வரலாறுதான் அடிப்படை. ஆகவே ஆரம்பத்திலிருந்து.

இதுல ஒரு வேடிக்கை. கணக்கு டீச்சர் ஆகணும்னு நினைச்சிருந்தா எனக்கு வழி சுலபம். பி.இ. படிச்சவங்களும் பி.எட். சேரலாம்னு தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தோட 2014 விதிகள்லயே இருக்கு. பி.இ.யோட பி.எட். முடிச்சவங்க டெட் எழுதி ஆறாவது முதல் எட்டாவது வரைக்கும் கணக்கு எடுக்கலாம்னு 2019 டிசம்பர்ல தமிழ்நாடு அரசும் சொல்லிடுச்சு. ரங்கமணி இதைக் கண்டுபிடிச்சு சந்தோஷமா ஓடி வந்தார். "மூணு வருஷம் மிச்சம்!" நான் சொன்னேன், "கணக்கு சொல்லித் தர ஆயிரம் பேர் இருக்காங்க. எனக்குப் பிடிச்சது இது." மனுஷன் அதுக்கப்புறம் வாயே திறக்கல. எக்செல்ல ஏதோ போட ஆரம்பிச்சார். அந்தக் கதை கீழ வருது.

சேர்ந்தது இக்னோவுல. வேலையை விடாம படிக்கலாம். அசைன்மெண்ட்டுக்கு 30 சதவீதம், பரீட்சைக்கு 70 சதவீதம். அசைன்மெண்ட் எல்லாம் கைப்பட எழுதித் தரணும். வருஷக்கணக்கா பேனாவை கூரியர்காரர்கிட்ட கையெழுத்துப் போட மட்டுமே பயன்படுத்தின ஆளு நான். முதல் அசைன்மெண்ட்ல நாலாவது பக்கத்துல விரல் மரத்துப் போச்சு. ஒரு வார்த்தை தப்பாயிட்டா இடது கை தானா கண்ட்ரோல் இசட்டைத் தேடும். அவ்வ்வ்வ்.

முதல் பரீட்சைக்குப் போனப்போ வாசல்ல நின்னவர் என்னைப் பார்த்து, "மேடம், சூப்பர்வைசர் எல்லாம் ஆபீஸ் ரூம்ல கையெழுத்துப் போடணும்"னார். ஹால் டிக்கெட்டை எடுத்துக் காட்டினேன். ரெண்டு பேருக்குமே பல்பு :-)

உள்ள போனா என்னை விடப் பெரியவங்க நிறைய பேர். எனக்கு முன்னாடி ஒரு டிராஃபிக் போலீஸ்காரர். டியூட்டி முடிஞ்சு நேரா வந்திருந்தார், ஷூ மட்டும் யூனிஃபார்ம் ஷூ. பக்கத்துல ஒரு அம்மா. பையனை காலேஜ்ல சேர்த்துட்டு, அதே மாசம் தானும் சேர்ந்திருக்காங்க. "பத்தொன்பது வயசுல கல்யாணம்மா. அவன் புக்கைப் பிரிக்கும்போதெல்லாம் எனக்குப் பொறாமையா இருந்துச்சு"ன்னாங்க. யாரும் யாரையும் படிக்கச் சொல்லி அனுப்பாத ஒரு கிளாஸ் ரூமை நான் அதுக்கு முன்னாடி பார்த்ததே இல்ல.

இந்த வயசுல படிக்கிறதுல ஒரு லாபம் இருக்கு. பதினஞ்சு வயசுல "தாமஸ் மன்றோ ரயத்துவாரி முறையைக் கொண்டுவந்தார்"ங்கிறது ஒரு மார்க் கேள்வி. ஜமீன்தாரை நடுவுல வைக்காம, விவசாயிகிட்டயே அரசாங்கம் நேரா வரி வாங்குறது. அந்த வரி பணமா கட்டணும். இதையே மாசம் பொறந்தா வீட்டுக் கடனுக்கு இ.எம்.ஐ. கட்டுறவளா உக்காந்து படிச்சா வேற மாதிரி இருக்கு. மழை வந்தாலும் வராட்டியும் தேதி வந்தா கட்டணும்னா வயித்துல என்ன பண்ணும்னு தெரியும். தீவுத்திடல் பக்கம் குதிரை மேல உக்காந்திருக்காரே, அதே மன்றோதான். 1820ல மெட்ராஸ் கவர்னரா வந்தவர். எங்கப்பா பெட்டியில பத்திரமா வெச்சிருந்த பட்டாவுக்கும் அந்தக் குதிரைக்காரருக்கும் சம்பந்தம் இருக்குன்னு தெரிஞ்ச அன்னிக்கு, சிக்னல்ல அவரைக் கொஞ்சம் முறைச்சுப் பார்த்துட்டுத்தான் வண்டியை எடுத்தேன்.

நம்ம செட்டு ஆளுங்க ரெண்டு பேரை இங்க சொல்லியே ஆகணும். ஒருத்தர் டி.டி. கோசாம்பி. பூனாவுல ஃபெர்குசன் கல்லூரியில கணக்கு வாத்தியார், அப்புறம் பம்பாய் டாடா அடிப்படை ஆராய்ச்சிக் கழகத்துல கணிதப் பேராசிரியர். பழங்கால முத்திரை நாணயங்களைத் தராசுல வெச்சு எடை போட ஆரம்பிச்சார். நாணயம் கைமாறக் கைமாறத் தேயும். எவ்வளவு தேஞ்சிருக்குன்னு புள்ளியியல் வெச்சுக் கணக்குப் போட்டா எது ரொம்ப நாள் புழங்கினது, எது கொஞ்ச நாள்னு சொல்லலாம். ராஜா பேரே இல்லாத காசுலேருந்து வரிசையைப் பிடிக்கப் பார்த்தார். இந்திய வரலாற்றைப் படிக்கிறது எப்படின்னு அவர் எழுதின புத்தகம் 1956ல வந்தது. இன்னிக்கும் பாடத்துல அவர் பேர் வராம இருக்காது.

இன்னொருத்தர் நம்ம ஐராவதம் மகாதேவன். ஐ.ஏ.எஸ். அதிகாரி. படிச்சது வேதியியலும் சட்டமும். சிந்துவெளி எழுத்துக்களை எல்லாம் கம்ப்யூட்டர்ல ஏத்தி, எந்தக் குறி எத்தனை தடவை, எதுக்குப் பக்கத்துல வருதுன்னு தொகுத்து 1977ல தொகுதியாக் கொண்டுவந்தார். 1977ங்க! தமிழ் பிராமி கல்வெட்டுகளைப் பத்தின அவரோட பெரிய புத்தகம் 2003ல வந்தப்போ அவருக்கு எழுபது தாண்டியாச்சு. "உனக்கெதுக்கு இதெல்லாம்"னு யாராவது கேட்டா இந்த ரெண்டு பேரையும்தான் நான் மனசுக்குள்ள துணைக்குக் கூப்பிட்டுக்குவேன்.

பொட்டி தட்டுற வேலையில எனக்குப் பிடிச்ச பகுதி ஒண்ணு உண்டு. ராத்திரி ரெண்டு மணிக்கு சர்வர் படுத்துடும். காலையில லாக் ஃபைலைப் பிரிச்சு வெச்சு, எது முதல்ல நடந்தது, எது அதனால நடந்ததுன்னு கோத்துப் பார்க்கணும். லாக் பொய் சொல்லாது. ஆனா எதை எழுதணும்னு நினைச்சாங்களோ அதை மட்டும்தான் சொல்லும். யாரும் எழுதச் சொல்லாத விஷயம் நடந்திருந்தா அதுக்குத் தடயமே இருக்காது. இதை வெச்சுக்கிட்டு கல்வெட்டைப் படிக்கப் போனா, ரொம்ப வருஷம் பழகின வேலை மாதிரியே இருந்துச்சு.

அந்தக் குடத்துக்கு வர்றேன். ஒரு சனிக்கிழமை செங்கல்பட்டுலேருந்து பஸ் பிடிச்சு உத்திரமேரூர் போனோம். வைகுண்டப் பெருமாள் கோயில். கல்லுல எழுத்து எழுத்தா ஓடுது. பழைய தமிழ் எழுத்து, நடுவுல கிரந்தம். நானும் பத்து நிமிஷம் மல்லுக்கட்டி நாலஞ்சு எழுத்துக் கண்டுபிடிச்சேன். ரங்கமணி ஒரு எழுத்தைக் காட்டி "இது ஜிலேபி மாதிரி இருக்கு"ன்னார். ஆராய்ச்சி அத்தோட முடிஞ்சுது.

படிச்சுட்டுப் போனதை அங்க நின்னு சரிபார்த்துக்கிட்டேன். முதலாம் பராந்தகன் காலம். ரெண்டு கல்வெட்டு. ஒண்ணு 919, இன்னொண்ணு 921. முதல்ல ஒரு விதிமுறை போட்டிருக்காங்க, ரெண்டே வருஷத்துல அதைத் திருத்தி மறுபடி வெட்டியிருக்காங்க. வெர்ஷன் ஒண்ணு, வெர்ஷன் ரெண்டு! ஊரை முப்பது குடும்பாப் பிரிச்சு, ஓலையில பேர் எழுதி, குடத்துல போட்டு, ஒண்ணும் தெரியாத சின்னப் பையனை விட்டு எடுக்கச் சொல்லணும். ஏரி வாரியம், தோட்ட வாரியம், சம்வத்சர வாரியம்னு தனித்தனிக் குழு. முந்தின மூணு வருஷத்துல வாரியத்துல இருந்தவன் மறுபடி நிக்க முடியாது. வாரியத்துல இருந்து கணக்குக் காட்டாமப் போனவன் நிக்க முடியாது. அவன் மட்டுமில்ல, அவன் நெருங்கின சொந்தக்காரங்களும் நிக்க முடியாது.

படிச்சா புல்லரிக்கத்தான் செய்யுது. ஆயிரத்து நூறு வருஷம் முன்னாடி ஒரு ஊர்ச்சபை இவ்வளவு யோசிச்சிருக்கு. பாடப் புத்தகம் இதைப் பெருமையாச் சொல்றதுல தப்பே இல்ல.

ஆனா அதே கல்லு இன்னும் சிலதும் சொல்லுது. வயசு 35க்கு மேல, 70க்குள்ள இருக்கணும். சொந்த மனையில வீடு இருக்கணும். வரி கட்டுற நிலம் கால் வேலியாவது இருக்கணும். வேதம் படிச்சிருக்கணும். ஒரு வேதமும் ஒரு பாஷ்யமும் கத்தவனா இருந்தா அரைக்கால் வேலி போதும்னு சலுகை. ஊர் பேரு உத்தரமேரு சதுர்வேதிமங்கலம். பிராமணர்களுக்குக் கொடுத்த ஊர், அவங்க சபை. அந்த நிலத்துல உழுதவன், ஏரிக்கு மண்ணு சுமந்தவன், நெல்லு குத்தினவ பேரு எதுவும் குடத்துக்குள்ள போயிருக்காது.

ஒரு வேலின்னா ஏறக்குறைய ஆறே முக்கால் ஏக்கர். கால் வேலின்னா ஒண்ணரை ஏக்கருக்கு மேல. எங்கப்பாகிட்ட இருந்தது அரை ஏக்கர்.

இப்ப அந்தப் பொண்ணுகிட்ட என்ன சொல்றது? "இல்லம்மா, உங்க தெரு ஆளுங்க பேரு இருந்திருக்காது"ன்னு சொன்னா முகம் வாடிடுமோன்னு பயந்தேன். ஒருநாள் உக்கார வெச்சு, கல்லுல இருக்கிற தகுதி எல்லாத்தையும் ஒவ்வொண்ணா நோட்டுல எழுதச் சொல்லி, "இப்போ நீயே பாரு, யாரெல்லாம் வரலாம்?"னு கேட்டேன். ஒவ்வொரு வரிக்கும் யாரையாவது அடிச்சுட்டே வந்தா. கடைசியில நிமிர்ந்து, "அக்கா, அப்போ பரீட்சையில சிறப்புகள்னு கேட்டா சிறப்பு எழுதணும். யாரு இல்லன்னு கேட்டா இதை எழுதணும். ஆனா அதைக் கேக்கவே மாட்டாங்களே?"ன்னா. முகமெல்லாம் வாடல. ஏதோ திருட்டைக் கண்டுபிடிச்ச மாதிரி ஒரு பளபளப்பு.

அந்த வாரம் அவ கூட இன்னும் ரெண்டு பேர் வந்தாங்க. இப்போ ஞாயித்துக்கிழமை காலையில எங்க மொட்டை மாடியில ஏழு பேர். பள்ளிக்கூடம் இல்லீங்க, சும்மா.

"பொம்பளைங்க பேரு கல்லுல எங்கயாவது இருக்காக்கா?" - இது அடுத்த கேள்வி. இதுக்குப் பதில் எங்கிட்ட இருந்துச்சு. தஞ்சாவூர் பெரிய கோயில்ல முதலாம் ராஜராஜன் நானூறு தளிச்சேரிப் பெண்டுகளைக் குடியமர்த்தின கல்வெட்டு. நானூறு பேரோட பேரும் இருக்கு. எந்தத் தெரு, எந்தச் சிறகு, எத்தனையாவது வீடு, எந்த ஊர்க் கோயில்லேருந்து வந்தவங்க எல்லாம் இருக்கு. ஒவ்வொருத்தருக்கும் ஒரு பங்கு, வருஷத்துக்கு நூறு கலம் நெல்லு. பிள்ளைங்க வாயைப் பிளந்துட்டாங்க. வீட்டு நம்பரோட ஆயிரம் வருஷப் பழைய அட்ரஸ்!

கொஞ்ச நேரம் கழிச்சு ஒரு பொண்ணு மெதுவா கேட்டா. "வேற ஊர்லேருந்து வந்தாங்கன்னு சொன்னீங்களே, அவங்களை வர்றீங்களான்னு கேட்டாங்களா?"

கல்லு அதைச் சொல்லலை. பேரைச் சொல்லுது, வீட்டைச் சொல்லுது, நெல்லைச் சொல்லுது. விருப்பத்தைச் சொல்லலை. "அதை எழுதி வைக்கணும்னு யாருக்கும் தோணலம்மா"ன்னேன். "ஏன் தோணல?"ன்னா. அன்னிக்கு கிளாஸ் அந்தக் கேள்வியிலேயே முடிஞ்சுது.

வரலாறு பாடம்னா எனக்கு இதுதான். பதில் ஒப்பிக்கிறது இல்ல. "இது உனக்கு எப்படித் தெரியும், யாரு சொன்னா, யாரைக் கேக்காம விட்டாங்க"ன்னு கேக்கப் பழகுறது. இப்படிக் கேக்கத் தெரிஞ்ச பொண்ணை நாளைக்கு யாரும் சுலபமா ஏமாத்த முடியாது. செல்போன்ல வர்ற ஃபார்வர்டுலேருந்து மாப்பிள்ளை வீட்டுக்காரங்க சொல்ற கதை வரைக்கும்தான் :-) கணக்கு வந்தா வேலை கிடைக்கும்னு எல்லாருக்கும் தெரியும். அதனால அதுக்கு டியூஷன் வெக்கிறாங்க. இதுக்கு யாரும் டியூஷன் வெக்க மாட்டாங்க. பள்ளிக்கூடத்துல கிடைச்சாத்தான் உண்டு.

சரி, இனிமே வர்றதுதான் உண்மையான சிக்கல்.

பி.ஏ.வை வேலை பார்த்துக்கிட்டே முடிச்சுட்டேன். பி.எட். அப்படி முடியாது. 2015லேருந்து ரெண்டு வருஷப் படிப்பு. தொலைதூரக் கல்வியில இருக்கு, ஆனா அது ஏற்கெனவே ஆசிரியர் பயிற்சி முடிச்சவங்களுக்குத்தான். என்னை மாதிரி ஆளுங்க தினமும் கல்லூரிக்குப் போகணும், பள்ளிக்கூடத்துல மாசக்கணக்குல பயிற்சி எடுக்கணும். அதாவது வேலையை விடணும். அப்புறம் டெட், தாள் ரெண்டு. 150 கேள்வி, அதுல சமூக அறிவியல் 60. அதுல தேறினா உடனே வேலை கிடைச்சுடாது. 2018லேருந்து அதுக்குத் தனிப் போட்டித் தேர்வு. மேல்நிலை வகுப்புன்னா எம்.ஏ.வும் சேர்த்துக்கோங்க. எல்லாம் சரியா நடந்தாலும் முப்பத்து மூணு, முப்பத்து நாலு வயசாயிடும். நடக்கலைன்னா தனியார் பள்ளி. ஒரு இடத்துல விசாரிச்சேன். அவங்க சொன்ன மாசச் சம்பளம் எங்க இ.எம்.ஐ.யில பாதி.

ரங்கமணியோட எக்செல் இங்கதான் வருது. ஒரு ஞாயித்துக்கிழமை ராத்திரி லேப்டாப்பைத் திருப்பிக் காட்டினார். நாலு ஷீட். ஒரு சம்பளத்துல வீடு எப்படி ஓடும், எதையெல்லாம் நிறுத்தணும், கார் வாங்குறது எந்த வருஷத்துக்குத் தள்ளிப்போகும், குழந்தை பொறந்தா என்ன ஆகும்னு எல்லாம் இருந்துச்சு. கடைசி ஷீட்டுக்கு "சரிப்பட்டு வரலைன்னா"ன்னு பேர் வெச்சிருந்தார். ரெண்டு வருஷம் கழிச்சு நான் திரும்பப் பொட்டி தட்டப் போனா எவ்வளவு கம்மியாக் கிடைக்கும்ங்கிற கணக்கு. "முடியும். ஆனா இறுக்கமா இருக்கும். ரெண்டு பேருக்கும் சண்டை வரும். அதுக்கு மட்டும் ஃபார்முலா தெரியல"ன்னார். இதை விட நேர்மையா யாரும் எங்கிட்ட சம்மதம் சொன்னதில்ல.

அப்பாகிட்ட சொல்றதுதான் கஷ்டமா இருந்துச்சு. அப்பா ரிட்டயர்டு பஸ் கண்டக்டர். நான் இன்ஜினியரிங் சேர்ந்தப்போ அந்த அரை ஏக்கரை வித்துத்தான் ஃபீஸ் கட்டினார். ஃபோன்ல எல்லாத்தையும் கேட்டுட்டு ரொம்ப நேரம் பேசாம இருந்தார். அப்புறம், "டீச்சராக்கணும்னா நான் நிலத்தை விக்காமலேயே ஆக்கியிருப்பேனேம்மா"ன்னார். கோவமாச் சொல்லல. அதான் தாங்க முடியல.

நான் பதில் சொல்லாம, உத்திரமேரூர் கதையைச் சொன்னேன். ஏன் சொன்னேன்னு தெரியல, வாயில வந்துச்சு. கணக்குக் காட்டாதவனை நிக்க விடமாட்டாங்க, அவன் சொந்தக்காரனையும் விடமாட்டாங்கன்னதும் அப்பா குரல் மாறிடுச்சு. "சொந்தக்காரனையுமா? அப்படிப் போடு!" முப்பது வருஷம் ஒவ்வொரு ராத்திரியும் டிப்போவுல டிக்கெட்டையும் சில்லறையையும் எண்ணிக் கணக்கு முடிச்சுட்டு வீட்டுக்கு வந்த மனுஷன். ஒரு ரூபா குறைஞ்சாலும் கைக்காசைப் போட்டுக் கட்டினவர். அடுத்த அரை மணி நேரம் அவர்தான் பேசினார். அந்த ரூட்டு, அந்த டிப்போ, செக்கிங் இன்ஸ்பெக்டர், ஸ்ட்ரைக்ல சம்பளம் இல்லாம ஓட்டின மாசங்கள். இருபத்தொன்பது வருஷத்துல அதுல பாதி நான் கேட்டதே இல்ல. வெக்கிறதுக்கு முன்னாடி, "நிலம் போனது போச்சு. அதுக்காக நீ கட்டிக்கிட்டு அழ வேணாம்"னார். அது சம்மதமான்னு எனக்குத் தெரியல. அம்மாகிட்ட கேட்டேன். "அவரு அதுக்கு மேல சொல்ல மாட்டாருடி"ன்னாங்க.

போன மாசம் எங்க ஏழு பேர் கூட்டத்துக்கு ஒரு வீட்டுப்பாடம் கொடுத்தேன். அவங்க தெரு முனையில ஒரு தண்ணி டேங்க் இருக்கு. அதுல ஒரு திறப்பு விழாக் கல்லு. "அதுவும் கல்வெட்டுதான், படிச்சுட்டு வாங்க"ன்னேன். யார் பேரு பெருசா இருக்கு, யார் பேரு சின்னதா இருக்கு, எவ்வளவு செலவு, என்ன தேதி எல்லாம் எழுதிட்டு வந்தாங்க. ஒரு பையன் மட்டும் கடைசியில ஒரு வரி சேர்த்திருந்தான். "எங்க ஆயா இதுக்கு ஜல்லி தூக்குச்சு. அது பேரு இல்ல."

"ஆயாவைக் கேட்டு எழுதிட்டு வா"ன்னேன். அடுத்த வாரம் ரெண்டு பக்கம். ஒரு நாள் கூலி எவ்வளவு, மேஸ்திரி ரெண்டு நாள் கூலி பாக்கி வெச்சது, மதியம் எங்க உக்காந்து சாப்பிட்டாங்க, எல்லாம். ஆனா ஒரு இடிப்பு. ஆயா அது வெள்ளம் வந்த வருஷம்னுது, அப்படின்னா 2015. கல்லுல 2013னு இருக்கு. ஏழு பேருக்கும் ஒரே சண்டை. "கல்லு பொய் சொல்லாது", "ஆயா ஏன் பொய் சொல்லணும்", "கல்லு வெக்கிற தேதி வேற, வேலை செஞ்ச தேதி வேற". கடைசியில அந்தப் பையனே மறுபடி போய்க் கேட்டுட்டு வந்தான். டேங்க் கட்டினப்பவும் ஆயா வேலை செஞ்சிருக்கு. வெள்ளத்துல சுத்துச் சுவர் விழுந்து, அதைத் திரும்பக் கட்டினப்பவும் செஞ்சிருக்கு. ரெண்டையும் சேர்த்துச் சொல்லியிருக்கு.

டிகிரி வாங்கின நானே மூணு வருஷம் படிச்சுக் கத்துக்கிட்டதை, பன்னெண்டு வயசுப் பையன் ரெண்டு வாரத்துல செஞ்சு காட்டிட்டான்.

வேலையை விடுறேன்னு மெயில் அனுப்பிட்டேன். டேமேஜர் "சம்பளம் பத்தலையா?"ன்னு கேட்டார். இல்லன்னேன். "வேற ஆஃபரா?"ன்னார். ஆமான்னு சொல்லிட்டேன், அதுவும் உண்மைதானே. நோட்டீஸ் பீரியட் மூணு மாசம். பி.எட். விண்ணப்பம் நிரப்பி மேஜை மேல இருக்கு. புகைப்படம் ஒட்டணும். கடைசியா எடுத்த பாஸ்போர்ட் சைஸ் போட்டோ கம்பெனியில சேர்ந்தப்போ எடுத்தது, அதுல ஆளே வேற மாதிரி இருக்கேன். நாளைக்கு ஸ்டூடியோவுக்குப் போகணும்.

டிஸ்கி: உங்கள்ல யாராவது வாத்தியாரா இருந்தா, முதல் வருஷத்துல கிளாஸை எப்படிச் சமாளிச்சீங்கன்னு பின்னூட்டத்துல சொல்லிட்டுப் போங்க. ஏழு பேரைச் சமாளிக்கிறேன். நாப்பது பேர்னா எப்படின்னு யோசிச்சா இப்பவே வயித்தைக் கலக்குது.